போடிமலைச் சாரலும் மீநீள்வட்டத் தொகையீடும்

கணிதம் கற்பிப்போர் செய்யக்கூடிய பிழைகளுள் ஒன்று, விடை வாராத வினாவை விடை வருமென்று எண்ணி மாணாக்கருக்குக் கொடுத்துவிடுதல். அப்பிழையை நாமும் ஒருகாற் செய்தோம். அதனை மறைத்துவிடுதல் எளிது. ஆயினும், மாணாக்கன் ஒருவன் அதனால் ஓரிரவு உறக்கம் இழந்தான். கணிதத்தையே துறந்துவிடவும் துணிந்தான். அவனுக்குப் பட்ட கடனைத் தீர்க்கப் புகுந்தபோது கணித சாஸ்திரத்தின் மிக அழகிய பகுதியொன்றின் வாயிலில் வந்து நின்றோம். அப்பகுதிக்கு மீநீள்வட்டத் தொகையீடுகள் என்பது பெயர். பெயரின் நீளத்தைக் கண்டு நண்பர்கள் ஏட்டைப் புரட்டிவிடாதிருப்பாராக. வளைவின் நீளம் காண்டல், வர்க்கமூலம் எடுத்தல் என்னும் இரண்டும் அறிந்தார்க்கு இதன் உட்பொருள் விளங்கும்.

1. வினா எழுந்த வகை

இரண்டாம் ஆண்டு வகுப்பில் வளைவுகளின் நீளம் காணும் முறையைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். போடிநாயக்கனூரைச் சார்ந்த மாணாக்கன் ஒருவன் அவ்வகுப்பில் இருந்தான். அவன் அன்னையார் ஏலக்காய்க் கடையொன்றில் காய்களைத் தரம் பிரிக்கும் வேலை செய்பவர். விடுமுறை தோறும் அவன் மதுரையினின்று புகைவண்டியேறி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக ஊர் செல்வான். அந்த இருப்புப்பாதை 1928-ஆம் ஆண்டில் மீட்டர்ப் பாதையாகத் திறக்கப்பட்டது. அகலப்பாதையாக மாற்றும் பொருட்டு 2010-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போடிவரை மீண்டும் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஆண்டிபட்டிக் கணவாயை அடுத்து அப்பாதை வளைந்து செல்வதைக் கண்டவர் பலர்.

அவ்வளைவையே எடுத்துக்காட்டாகக் கொண்டோம். நேர்ப்பாதையில் ஓடிவரும் வண்டி திடுமென ஒரு வட்டவில்லினுட் புகுமாயின் பெட்டிகள் குலுங்கும். சக்கரங்கள் தண்டவாளத்தை மோதும். ஆதலின் நேர்ப்பாதைக்கும் வட்டவில்லுக்கும் இடையே, வளைவு சிறிது சிறிதாக மிகும் இணைப்பு வளைவு ஒன்றைப் பொறியாளர் இடுவர். இந்திய இருப்புப்பாதைகளில் இதற்குப் பெரிதும் வழங்குவது முப்படிப் பரவளையம். தொடக்கத்தினின்று நேர்க்கோட்டின் வழியே அளந்த தூரத்தின் கனத்திற்கு நேர்விகிதத்தில் பாதை ஒருபுறம் ஒதுங்கும் என்பதே அதன் இலக்கணம்.

வட்டவில்லின் ஆரம் 400 மீட்டர் எனவும், இணைப்பு வளைவின் தூரம் 60 மீட்டர் எனவும் கொண்டோம். தூரத்தின் கனத்தை 1,44,000-ஆல் வகுத்தால் ஒதுக்கம் கிடைக்கும். 60 மீட்டரின் முடிவில் அஃது ஒன்றரை மீட்டர். "இவ்வளைவின் உண்மை நீளத்தைப் பிழையின்றிக் காண்க, நாளைக் காலை கொண்டு வருக" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வெளியேறினோம். நாம் அதனைப் போட்டுப் பார்க்கவில்லை என்பதே உண்மை.

மறுநாட் காலையில் அம்மாணாக்கன் பதினொரு பக்கம் நிறைந்த ஏட்டைக் கொண்டுவந்து நீட்டினான். கடைசி வரியில் "வரவில்லை, ஐயா" என்று எழுதியிருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"ஐயா, எனக்குக் கணக்கு வராது போலும். வணிகவியல் வகுப்பில் இடமிருந்தால் மாறிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்" என்றான்.

"இதற்கா இவ்வளவு, தம்பி? இங்கே பார்" என்று சுண்ணக்கட்டியை எடுத்தோம். ஒரு பிரதியீடு செய்தோம், வரவில்லை. மற்றொன்று செய்தோம், வரவில்லை. பகுதித் தொகையிடலும் கைகொடுக்கவில்லை. மணியடித்து நம் மானத்தைக் காத்தது. அன்று மாலை நூலகத்தில் அமர்ந்து சிந்தித்தபோதுதான், பல்லாண்டுகட்கு முன் நாம் கற்று மறந்தது நினைவிற்கு வந்தது. அத்தொகையீடு அவனுக்கு மட்டுமன்று, எவருக்கும் வாராது. வாராது என்பதும் நிறுவப்பட்டது. 1830-களில் பிரான்சு நாட்டு லியூவில் என்பார், சில தொகையீடுகளை மடக்கை, கோணச் சார்புகள், அடுக்குக்குறிச் சார்பு, மூலங்கள் ஆகிய பழகிய சார்புகளால் எழுதவே இயலாதென்று ஐயத்திற்கிடமின்றிக் காட்டினார்.

மறுநாள் வகுப்பறையில் எல்லோர் முன்னும் அவனிடம் சொன்னோம்: "தம்பி, கணக்கு வராதவன் நீ அல்லை. வாராத கணக்கை வருமென்று கொடுத்தவர் நாம். பிழை எம்மது."

2. வர்க்கமூலத்தின் கீழ் உள்ள படி

வாராமைக்குக் காரணம் யாது? வளைவின் நீளம் காணுங்கால், ஒவ்வோரிடத்துச் சாய்வையும் வர்க்கித்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்துத் தொகையிடுகிறோம். ஆகவே வர்க்கமூலக் குறியின்கீழ் ஒரு பல்லுறுப்புக் கோவை வந்து அமைகின்றது. அக்கோவையின் படி எத்தனை என்பதே வழக்கைத் தீர்க்கும்.

கோவை ஒருபடி அல்லது இருபடி ஆயின், தொகையீடு பழகிய சார்புகளுள் அடங்கும். சாதாரணப் பரவளையத்தின் சாய்வு ஒருபடி; அதன் வர்க்கம் இருபடி; ஆதலின் நீளம் வரும். தன் எடையால் மட்டும் தொங்கும் சீரான வடத்தின் சங்கிலி வளைவும் எளிதே. 1691-ஆம் ஆண்டில் லைபுனிட்சு, ஐகன்சு, யோகான் பெர்னூலி ஆகியோர் அதனைத் தீர்த்தனர். ஈண்டு போடிமலைச் சரிவையே நினைத்துக்கொள்ளலாம். முற்காலத்தில் மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை வழியே டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி 1908-இல் குறுகிய இருப்புப்பாதையான அவ்வழியை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அழித்துவிட்டது. அத்தகைய வடம் சுமையின்றித் தொங்குங்கால் அதன் நீளம் முதற்படிக் கணக்கே.

கோவை முப்படி அல்லது நாற்படியாகி, அதன் மூலங்கள் வெவ்வேறாக இருப்பின், பொதுவாகப் பழகிய சார்புகள் போதா. நீள்வட்டத்தின் சுற்றளவைக் காணப் புகுந்தோர் முதலில் இவ்வகையைச் சந்தித்தமையின் இவை நீள்வட்டத் தொகையீடுகள் எனப்பட்டன. நம் இருப்புப்பாதை வளைவில் சாய்வு இருபடி. அதன் வர்க்கம் நாற்படி. நாம் அறியாமற் கொடுத்த வினா நீள்வட்டத் தொகையீடே.

கோவை ஐந்து அல்லது ஆறு படியாயின், அல்லது அதற்கும் மேற்படின், அவையே மீநீள்வட்டத் தொகையீடுகள். ஈண்டொரு எச்சரிக்கை. ஆறு என்னும் படியைக் கண்டவுடன் மீநீள்வட்டம் என்று முடிவு கட்டலாகாது. தூரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதமாக ஒதுங்கும் வளைவின் நீளத்தில், ஒன்றோடு ஆறாம்படியுறுப்பு ஒன்றே கூடி வரும். ஆயின் தூரத்தின் வர்க்கத்தைப் புதிய மாறியாகக் கொண்டால் அது நாற்படியாகச் சுருங்கி நீள்வட்டத் தொகையீடாய் விடும். பல உறுப்புகள் விரவிய பொதுவான ஆறுபடிக் கோவைக்கு இத்தகைய குறுக்குவழி இல்லை.

வாராதது என்றதனால் கணக்கிட இயலாததென்று கொள்ளற்க. நம் வளைவின் சாய்வு மிகச் சிறிது, முடிவிற்கூட 0.075 மட்டுமே. வர்க்கமூலத்தைத் தொடராக விரித்து முதலிரண்டு உறுப்புகளைத் தொகையிட்டால், 60 மீட்டருக்கு மேல் 3.4 சென்டிமீட்டர் மிகையென்று காண்கிறோம். அடுத்த உறுப்பின் திருத்தம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்களவே. இக்கணக்கை அம்மாணாக்கனே போட்டு வந்தான். தண்டவாளம் இடுவோனுக்கு இதற்கு மேல் நுட்பம் வேண்டா.

நம் நாட்டு இராமானுசரும் இத்துறையில் ஈடுபட்டவர். 1914-ஆம் ஆண்டில் வெளியான தம் கட்டுரையில் நீள்வட்டச் சுற்றளவிற்கு அவர் தந்த தோராய விதி யாவரும் கையாளத்தக்கது. அரையச்சுகளின் கூட்டுத்தொகையை மும்மடங்காக்குக. ஓர் அரையச்சோடு மற்றதன் மும்மடங்கைக் கூட்டி, அவ்வாறே மாற்றியும் கூட்டி, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காண்க. முன்னதினின்று பின்னதைக் கழித்துப் பையால் பெருக்குக. அரையச்சுகள் 50, 30 மீட்டராகிய நீள்வட்டக் குளமொன்றின் கரை 255.27 மீட்டர் என்று இவ்விதி கூறும். உண்மை அளவும் அந்நுட்பத்தளவில் அதுவே.

3. இரு தாள்களும் மூன்று குழாய்களும்

நிற்க. பழகிய சார்புகளுள் அடங்காதவற்றை அறிஞர் எங்ஙனம் அறிந்தனர்? கலப்பெண்களின் துணைகொண்டே.

போடியினின்று மூணாற்றுக்குச் செல்ல இரு வழிகளை நினைப்போம். ஒன்று பதினேழு கொண்டையூசி வளைவுகளை உடைய போடிமெட்டுச் சாலை; மற்றொன்று குரங்கணி, டாப் ஸ்டேஷன் வழியாக ஏறும் மலைப்பாதை. எவ்வழிச் சென்றாலும் ஏறிய உயரத்திலிருந்து இறங்கிய உயரத்தைக் கழித்தால் எஞ்சுவது ஒன்றே. இனி, இவ்விரு வழிகளுக்கும் இடைப்பட்ட கொழுக்குமலையில் ஒருவர் நின்று, வழிச்செல்வோரை இமையாது நோக்கித் திரும்பிக்கொண்டே இருப்பதாகக் கொள்க. ஒருவழிச் செல்வோரை நோக்கினால் அவர் இடப்புறமாகவும், மறுவழிச் செல்வோரை நோக்கினால் வலப்புறமாகவும் திரும்புவர். திரும்பிய கோணங்கள் இரண்டும் ஒன்றல்ல. அவற்றின் வேற்றுமை சரியாக ஒரு முழுச்சுற்று. தொடக்கமும் முடிவும் ஒன்றாயிருந்தும், இடையில் ஒரு மலையைச் சுற்றியமையால் மதிப்பு மாறுகின்றது. இம்மாற்றத்தை ஆவர்த்தனம் என்போம். கலப்பெண் தளத்தில் மடக்கைச் சார்பு இத்தகைய ஆவர்த்தனம் ஒன்றை உடையது.

வர்க்கமூலத்தின் செய்தி இதனினும் சுவையுடையது. ஒவ்வோர் எண்ணுக்கும் மிகை, குறை என இரு வர்க்கமூலங்கள் உள. கோவையின் மூலமொன்றைச் சுற்றி ஒருமுறை வலம் வந்தால், மிகையாய்ப் புறப்பட்டது குறையாய் வந்து சேரும். இவ்விரட்டைத் தன்மையை ஒழிக்க இரீமான் ஒரு வழி கண்டார். தளத்தை ஒரு தாளாக வையாது இரு தாள்களாக வைக்க. ஒன்றில் ஒரு மதிப்பும் மற்றொன்றில் மறு மதிப்பும் எழுதுக. ஆறு மூலங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வோர் இணைக்கும் இடையே இரு தாள்களையும் கீறுக. மேற்றாளின் கீறல் விளிம்பைக் கீழ்த்தாளின் எதிர்விளிம்போடு குறுக்காகத் தைக்க. இப்போது மூலத்தைச் சுற்றி வருவோர் ஒரு தாளினின்று மற்றொரு தாளுக்கு இறங்கிவிடுவர்; குழப்பம் இல்லை.

ஒவ்வொரு தாளையும் முடிவிலியில் மூடினால் பந்தாகும். கீறலும் தையலும் இரு பந்துகளையும் இணைக்கும் குழாயாகும். இரு மூலங்கள் உளவாயின் குழாய் ஒன்று; இரு பந்துகள் ஒரு குழாயால் சேர்ந்தால் மீண்டும் பந்தே. நான்கு மூலங்களாயின் குழாய் இரண்டு. அவற்றிடையே ஒரு துளை தோன்றும். அஃது உழுந்து வடையின் உருவம். ஆறு மூலங்களாயின் குழாய் மூன்று, துளை இரண்டு. ஐந்து படிக் கோவைக்கு முடிவிலியே ஆறாவது மூலமாய் நின்று அதே உருவத்தைத் தரும். ஏழு, எட்டுப் படிகட்குத் துளை மூன்று. பழகிய தொகையீடு, நீள்வட்டத் தொகையீடு, மீநீள்வட்டத் தொகையீடு என்னும் பாகுபாடு துளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததென்பது இதனால் தெற்றென விளங்கும்.

துளை ஒவ்வொன்றும் இரு புதிய வழிகளைத் தருகின்றது: துளையைச் சுற்றிவரும் வழி ஒன்று, துளையினூடே நுழைந்து வரும் வழி மற்றொன்று. எனவே வடைக்கு இரண்டு ஆவர்த்தனங்கள்; இருதுளை உருவிற்கு நான்கு.

4. யாக்கோபி கண்ட இடர்ப்பாடும் அதன் தீர்வும்

நீள்வட்டத் தொகையீட்டை நேரே ஆராய்வதினும், அதனைத் தலைகீழாக்கி, தொகையின் மதிப்பிலிருந்து மேலெல்லையைக் காண்பதே நலமென்று ஆபெலும் யாக்கோபியும் 1820-களின் இறுதியில் உணர்ந்தனர். அங்ஙனம் பிறந்தவையே இரட்டை ஆவர்த்தனமுடைய நீள்வட்டச் சார்புகள். தரையில் இரு திசைகளில் ஒரே கோலம் மீண்டும் மீண்டும் வருவது போல அவற்றின் மதிப்புகள் கலப்பெண் தளத்தில் மீண்டும் வரும்.

இதே முறையை மீநீள்வட்டத்திற்கும் கையாளலாமே எனின், ஆண்டுத் தடை எழுந்தது. ஒரு நேர்க்கோட்டின்மேல் ஓர் அடிக்கோல் ஒன்றும், இரண்டின் வர்க்கமூலமாகிய நீளமுடைய கோல் ஒன்றும் கொண்டு முன்னும் பின்னும் அளப்போமாயின், கோட்டின் எந்தப் புள்ளியையும் விரும்பிய அளவு நெருங்கிவிடலாம். தளத்தில் இரு திசைக்கோல்கள் ஒழுங்கான கட்டங்களைத் தரும். பொதுவாக நான்கு கோல்களை இட்டால் கட்டங்கள் குலைந்து எல்லாப் புள்ளிகளும் நெருங்கிப் போம். நான்கு ஆவர்த்தனமுடைய ஒரு மாறிச் சார்பு ஒழுங்காய் இருத்தல் இயலாது. இதனை நிறுவியவர் யாக்கோபியே.

தடையைக் காட்டியவரே வழியையும் காட்டினார். மலைச்சரிவில் ஒருவர் தலையில் ஏற்றவியலாத மூட்டையைக் கழியிற் கட்டி இருவர் தோள்கொடுத்துச் சுமப்பதை நம் போடி நண்பர்கள் கண்டிருப்பர். அவ்வாறே, ஒரு புள்ளியை மட்டும் தேடாது இரு புள்ளிகளை ஒருங்கே தேடுக என்றார் யாக்கோபி. ஐந்து அல்லது ஆறு படிக் கோவைக்கு எங்கும் வரம்பிகவாத தொகையீடுகள் இரண்டு உள: கோவையின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்துத் தொகையிடுவது முதலாவது, மாறியை வகுத்துத் தொகையிடுவது இரண்டாவது. இரு புள்ளிகளுக்கும் முதலாவதன் கூட்டுத்தொகையும் இரண்டாவதன் கூட்டுத்தொகையும் கொடுக்கப்பட்டால், அவ்விரு புள்ளிகளின் கூடுதலும் பெருக்கலும் ஒழுங்கான சார்புகளாய் அமையும். இரு கலப்பு மாறிகளின் இடம் நான்கு பரிமாணமுடையது. அங்கே நான்கு கோல்கள் நெருங்காமல் செம்மையாகக் கட்டம் அமைக்கும்.

இதற்கு அடிப்படை ஆபெலின் தேற்றம். இத்தகைய தொகையீடுகள் எத்தனை கூடி நின்றாலும், பழகிய உறுப்புகள் நீங்கலாக, துளைகளின் எண்ணிக்கைக்கு ஒத்த சிலவாகச் சுருக்கலாம் என்பது அது. நார்வே நாட்டு இளைஞராகிய ஆபெல் 1826-இல் பாரிசுக் கழகத்திற்கு அளித்த கட்டுரை கவனிப்பாரற்றுக் கிடந்தது; 1829-இல் இருபத்தாறாம் அகவையில் அவர் மறைந்தார்; கட்டுரை அச்சேறியது 1841-இல்.

யாக்கோபியின் வினாவிற்கு இருதுளை நிலையில் கோப்பெலும் உரோசன்கைனும் விடை கண்டனர். எல்லா மீநீள்வட்டங்கட்கும் 1854-இல் வழிகாட்டியவர் வையர்சுத்திராசு. அவர் அப்போது பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர்; சிற்றூர்ப் பள்ளியாசிரியர். கணிதத்தோடு உடற்பயிற்சியும் எழுத்துப் பயிற்சியும் கற்பித்துக் காலங்கழித்தவர். 1857-இல் இரீமான் எல்லா வகைக்கும் பொருந்தும் கோட்பாட்டை வெளியிட்டார்.

5. வகைக்கெழுச் சமன்பாடுகளில் பயன்

இவையெல்லாம் எதற்கு உதவும் என்று கேட்போர் உளர். ஊஞ்சலினின்று தொடங்குவோம். இரண்டு மீட்டர் நீளமுடைய ஊஞ்சலை எளிய ஊசலாகக் கொண்டால், சிறிதாக ஆடுங்கால் ஓர் ஆட்டத்திற்கு ஏறக்குறைய 2.84 விநாடி செல்லும். இருபுறமும் 60 பாகை எழும்ப ஆடினால் 3.05 விநாடி. இப்பின்னதைத் தருவது நீள்வட்டத் தொகையீடு. ஆற்றல் மாறாமை என்னும் ஒரு விதி, விரைவின் வர்க்கத்தை நிலையின் சார்பாகக் காட்டும். ஆகவே நேரம் காண வர்க்கமூலத்தால் வகுத்துத் தொகையிடுகிறோம். வகைக்கெழுச் சமன்பாட்டில் இத்தொகையீடுகள் புகும் வாயில் இதுவே.

இயக்கம் இன்னும் சிக்கலாயின் வர்க்கமூலத்தின்கீழ்ப் படி உயரும். மூன்று அச்சுகளும் வெவ்வேறான நீளவுருண்டையின்மேல் மிகக் குறுகிய வழி யாது என்னும் வினாவை 1838-இல் யாக்கோபி மீநீள்வட்டத் தொகையீடுகளால் தீர்த்தார். 1859-இல் கார்ல் நாய்மான் கோளத்தின்மேல் இயங்கும் துகளொன்றின் வினாவை அவ்வாறே தீர்த்தார்.

இவற்றுள் புகழ் மிக்கது பம்பரத்தின் கதை. ஒரு புள்ளி நிலைத்திருக்கச் சுழலும் திண்பொருளின் இயக்கத்தை முற்றத் தீர்க்கும் நிலைகள் ஆய்லர் கண்டதும் இலக்கிராஞ்சு கண்டதுமாகிய இரண்டே நெடுங்காலம் அறியப்பட்டிருந்தன. இரண்டிலும் நீள்வட்டச் சார்புகளே போதும். மூன்றாவதைக் கண்டவர் சோபியா கொவலெவ்சுகாயா என்னும் உருசிய அம்மையார். இரு நிலைமத் திருப்புத்திறன்கள் தம்முள் சமமாகி, மூன்றாவதன் இருமடங்காய் நின்று, ஈர்ப்பு மையம் அவ்விரு சம அச்சுகளின் தளத்தில் அமையும் நிலை அது. அவர் இயக்கச் சமன்பாடுகளை மாற்றி எழுதியபோது வந்து நின்றவை, ஐந்து படிக் கோவையின் வர்க்கமூலத்தோடு கூடிய இரு சமன்பாடுகள்: ஒன்றில் இரு மாறிகளின் கூட்டு மாறாது நிற்கும், மற்றொன்றில் கூட்டு காலத்தோடு சீராக வளரும். இஃது அரை நூற்றாண்டிற்கு முன் யாக்கோபி எழுப்பிய வினாவே அன்றோ! விடை முன்னமே காத்திருந்தது. 1888-இல் பாரிசுக் கழகம் அவருக்குப் போர்தான் பரிசளித்து, கட்டுரையின் சிறப்பு நோக்கிப் பரிசுத்தொகையை 3,000 பிராங்கினின்று 5,000 பிராங்காக உயர்த்திற்று.

பெண் என்பதனால் பெர்லின் பல்கலைக்கழகம் அவரை வகுப்பில் அமரவிடவில்லை. பள்ளியாசிரியராயிருந்து பேராசிரியராக உயர்ந்திருந்த வையர்சுத்திராசு 1870 முதல் நான்கு ஆண்டுகள் தனியே பாடஞ்சொன்னார். அடைத்த கதவிற்கு வெளியே கற்ற பாடம் பம்பரத்தைத் தீர்த்தது.

இருபதாம் நூற்றாண்டிலும் இக்கதை நீண்டது. ஆழமில்லாக் கால்வாயில் எழும் அலைகளுக்குரியதாகக் கார்த்தேவெக்கு, தெ விரீசு ஆகிய இருவர் 1895-இல் எழுதிய சமன்பாட்டிற்கு, 1974, 1975 ஆகிய ஆண்டுகளில் நோவிகோவ், துபுரோவின், இட்சு, மத்வேயெவ் முதலியோர் மீநீள்வட்ட உருக்களின்மேல் அமைந்த தீர்வுகளைக் கண்டனர். 1989-இல் கோப்ளிட்சு என்பார், ஆபெலின் கூட்டல் விதியை முடிவுள்ள எண்தொகுதிகளில் இயற்றி மறைமொழி எழுதவும் கூடுமென்று காட்டினார்.

6. நம் நாட்டார் பங்கு

இவை கடல்கடந்த நாட்டினர்க்கே உரியவை என்று எண்ணற்க. 1937-இல் இந்தியா வந்து, 1939 முதல் சென்னை இலயோலாக் கல்லூரியில் பணியாற்றிய இரசீன் பாதிரியார் பாரிசில் எலி கார்த்தானிடம் பயின்றவர். பாடத்திட்டத்திற்கு அப்பாலும் மாணாக்கரை அழைத்துச் சென்றவர். அவரிடம் பயின்ற எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்திரியும் 1953-இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் புகுந்து, 1965-இல் இரீமான் உருக்களின்மேல் அமையும் வெக்டர்க் கற்றைகளைப் பற்றித் தம் பெயரால் வழங்கும் தேற்றத்தை வெளியிட்டனர். அந்நிலையத்து எஸ். இரமணனும் உஷா தேசாலேயும் 1976-இல் மீநீள்வட்ட வளைவுகளையே எடுத்துக்கொண்டு, அவற்றின்மேல் அமையும் இரண்டாம் தரக் கற்றைகளை இரு இருபடிப் பரப்புகள் வெட்டுமிடத்தைக் கொண்டு வகைப்படுத்தினர். நாம் முன்னர்த் தாளைக் கீறிய அந்த மூலங்களே அவ்விரு பரப்புகளின் கெழுக்களாய் மீண்டும் தோன்றுகின்றன.

நம் மாணாக்கன் வணிகவியலுக்கு மாறவில்லை. அவன் எழுதிய பதினொரு பக்கங்களையும் மீண்டும் படித்தோம். ஐந்தாம் பக்கத்தில் அவன் செய்த பிரதியீடு, இலெழாந்தரு நீள்வட்டத் தொகையீடுகளை நேர்ப்படுத்தக் கையாண்ட வகையை ஒத்திருந்தது. அவன் நெடுந்தூரம் சென்றிருந்தான்; நின்ற இடம் வழியின் முடிவென்று அறியாமையால் வழிதப்பியதாக வருந்தினான். அவ்விடத்தைப் பெயர்சொல்லிக் காட்டியிருக்க வேண்டியது நம் கடமை.

சென்ற விடுமுறையில் அவனோடு போடிக்குச் சென்றோம். ஆண்டிபட்டி வளைவில் வண்டி ஒருபுறம் சாய்ந்து மெல்லத் திரும்பிற்று. "ஐயா, வாராத தொகையீடு வருகிறது" என்றான். அவன் வீட்டில் அன்னையார் ஏலக்காய் இட்ட தேநீர் தந்து, "பையனுக்குக் கணக்கு வருமா, ஐயா?" என்று கேட்டார். "வரும், அம்மா. வாராதவை எவை என்பதும் இப்போது அவனுக்குத் தெரியும்" என்றோம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கரும்பலகையில் எழுதுமுன் ஒருமுறை போட்டுப் பார்ப்போமாக. மாணாக்க நண்பர்களுக்கு ஒன்று: "வரவில்லை" என்று எழுத நேர்ந்தால் அதுவரை சென்ற பக்கங்களைக் கிழித்தெறியாதீர்கள்.